கப்பல் பிறந்த வழியே ஒரு நடை: விட்பி துறைமுகத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், யார்க்‌ஷயரில் இருக்கிறது விட்பி. எஸ்க் என்ற சின்ன ஆறு இரண்டு குன்றுகளுக்கு நடுவே புகுந்து கடலில் சேரும் இடம். முதல் முறை போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நேரே கிழக்குக் குன்றில் ஏறி இடிந்த மடாலயத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், இறங்கி வந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மடாலயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் இந்த ஊர் எதனால் வாழ்ந்தது என்பது கடைசி வரை பிடிபடாது.

விட்பி கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். 1790–91ல் இங்கே 11,754 டன் அளவுக்குக் கப்பல் கட்டினார்கள். லண்டன், நியூகாசில் இரண்டுக்கும் அடுத்து, இங்கிலாந்திலேயே மூன்றாவது இடம். இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து முடித்துவிடக்கூடிய ஊருக்கு இது எவ்வளவு பெரிய கணக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நான் சொல்லும் வழி இது: ஒரு கப்பல் எந்த வரிசையில் உருவாகிக் கடலுக்குப் போனதோ, அதே வரிசையில் நடங்கள். ஆற்றின் உட்பக்கம் மரம் அறுத்த கரையில் தொடங்கி, பாலம், முதலாளி வீடு, கயிறு திரித்த இடம், மாலுமிகளின் சந்துகள், தேவாலயம் என்று போய், கடைசியில் கடலுக்குள் நீண்டிருக்கும் கல் தளத்தில் முடியுங்கள். மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கிளம்புவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது வானிலை அல்ல, கடல் ஏற்ற வற்ற அட்டவணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே தண்ணீர் மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் மாறும். காலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகு, மதியம் பாலத்தை ஒட்டி மிதக்கும். வற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நடையைத் தொடங்குவது நல்லது. ஆற்றின் அடிப்பகுதி அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. ஊர் நடுவில் இருக்கும் சுழல் பாலத்தை உயர் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னுமாகத்தான் திறப்பார்கள். வற்றத்தில் தொடங்கினால், நீங்கள் கிழக்குக் கரையைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது பாலம் திறக்கும் வேளை நெருங்கியிருக்கும்.

அப்புறம் செருப்பு. வழுக்காத அடிப்பகுதி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பழைய தெருக்கள் எல்லாம் உருண்டைக் கல் பதித்தவை, மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். கோடையிலும் காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்று கையில் இருக்கட்டும். கடலுக்குள் நீளும் தளத்தில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

வந்து சேர, மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ரயில் உண்டு. மிக அழகான பாதை, ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். லீட்ஸ், யார்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் இருக்கிறது. இரண்டுமே உங்களை ஆற்றங்கரையில், நடை தொடங்க வேண்டிய இடத்துக்கு அருகிலேயே இறக்கிவிடும்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போவதானால் இன்னும் நல்லது. பேய்க் கதை நடை, வரலாற்று நடை என்று இரண்டு வகையும் நடக்கின்றன. எது என்று கேட்டுச் சேருங்கள். வழிகாட்டி கிடைத்தால், “கப்பல் கட்டும் தளங்கள் எங்கெங்கே இருந்தன என்று கையை நீட்டிக் காட்டுங்கள்” என்று மறக்காமல் கேளுங்கள். பெரும்பாலான தளங்கள் தடயமே இல்லாமல் போய்விட்டன. தெரிந்தவர் கை காட்டினால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

முதல் படி: ரயில் நிலையத்துக்கு எதிரே, ஆற்றங்கரை

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் கடைகள் இருக்கும் இடப்பக்கம் திரும்புவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி, ஆற்றின் மேல்போக்கில் படகுகள் கட்டியிருக்கும் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடங்கள். இந்தச் சாலைக்கு லாங்போர்ன் சாலை என்று பெயர். லாங்போர்ன் என்பது இங்கே கப்பல் கட்டிய ஒரு குடும்பத்தின் பெயர். பசிபிக் கடலைச் சுற்றி ஆராய்ந்த 18ஆம் நூற்றாண்டுக் கடலோடி ஜேம்ஸ் குக் மூன்றாம் பயணத்தில் கொண்டுபோன டிஸ்கவரி, அவர்கள் 1774ல் கட்டிய கப்பல்.

குக்கின் மற்ற மூன்று கப்பல்களும் விட்பியில் பிறந்தவையே. எண்டெவர் 1764லும், ரெசல்யூஷன் 1770லும், அதையொட்டி அட்வென்ச்சரும் தண்ணீரில் இறங்கின. மூன்றையும் கட்டியவர் தாமஸ் ஃபிஷ்பர்ன். அவருடைய தளம் இருந்ததும் நீங்கள் நிற்கும் இந்த மேற்குக் கரையில்தான். ரயில் பாதையும் கார் நிறுத்துமிடமும் வந்த பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்காக வேகமாகக் கடந்துவிடாதீர்கள். இந்த நடையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இது.

முதலில் எதிர்க்கரையைப் பாருங்கள். இன்றும் அங்கே பார்கோல் என்ற நிறுவனம் எஃகு மீன்பிடிக் கப்பல்களைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் பாதி முடிந்த கப்பல் ஒன்று நிற்கும். வெல்டிங் பொறி பறப்பதையும் பார்க்கலாம். இந்த ஆற்றில் கப்பல் கட்டும் கை இன்னும் ஓயவில்லை.

இனி மனக்கண்ணால் மரத் தளத்தைப் போட்டுப் பாருங்கள். கரை ஆற்றை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவில் வரிசையாக மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தைக் கிடத்துவார்கள். எண்டெவருக்கு அடிமரம் எல்ம் மரம், உடல் ஓக், பாய்மரங்கள் பைன், ஃபிர். ஓக் என்றால் நேராக வளர்ந்த மரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கப்பலின் விலா வளைவானது. நேர்ப் பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அங்கேயே ஒடிந்துவிடும். அதனால் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். கிளை பிரியும் கவட்டை, கப்பலின் மேல்தளத்தையும் உடலையும் இணைக்கும் மூலைத் தாங்கிக்கு ஆகும். காட்டில் ஒரு மரத்தைப் பார்த்தவுடன், இது கப்பலில் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடும் கண், அந்தத் தச்சர்களுக்கு இருந்தது.

விலாக்கள் எழுந்த பிறகு பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில், பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த பிசிரை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துத் திணித்து, மேலே கீல் என்னும் தாரைக் காய்ச்சி ஊற்றுவார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அப்படி அடிக்கும் ஓசை இந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மோதித் திரும்பியிருக்கும். மேலே கீல் புகை, கீழே சேற்று நாற்றம், கரையெங்கும் மரச்சீவல். வற்றத்தில் வந்து நின்றால் அந்தச் சேற்று நாற்றமாவது இன்றும் கிடைக்கும்.

இவ்வளவு சின்ன ஊரில் ஏன் இத்தனை கப்பல் என்ற கேள்வி வரும். விடை, படிகாரம். சாயம் துணியில் ஒட்டி நிற்கப் படிகாரம் வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடற்கரைப் பாறைகளிலிருந்து அதை எடுக்கத் தொடங்கினார்கள். பாறையை மாதக்கணக்கில் எரிக்க வேண்டும், பிறகு கரைசலைக் காய்ச்ச வேண்டும். அதற்கு நிலக்கரி நியூகாசில் பக்கமிருந்து வரவேண்டும். கரைசலில் சேர்க்கக் காரமும் வேண்டும். அதற்காகக் கடற்பாசிச் சாம்பலையும், பெரிய ஊர்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாகப் புளித்த மனித மூத்திரத்தையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். விளைந்த படிகாரத்தை வெளியே அனுப்பவும் கப்பல்தான். கரைசல் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க ஒரு முட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே வந்தால் சரி என்று முடிவு செய்வார்களாம். இப்படிப் போக்குவரத்துக்காகக் கப்பல் வைத்துக்கொள்ளத் தொடங்கிய ஊர், பிறகு நியூகாசில் நிலக்கரியை லண்டனுக்குச் சுமக்கும் தொழிலுக்குள் முழுசாக இறங்கிவிட்டது.

அந்த நிலக்கரிக் கப்பலின் உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற முன்புறம், தட்டையான அடி. அழகோ வேகமோ கிடையாது. ஆனால் ஏற்றத்தில் கரைக்கு வந்து, வற்றத்தில் மணலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சரக்கை வண்டியில் இறக்கிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் கிளம்பிவிடும். 1768ல் கடற்படை, பசிபிக் பயணத்துக்காக எண்டெவரை 2,840 பவுண்டு 10 ஷில்லிங் 11 பென்ஸ் கொடுத்து வாங்கியது இந்த வகைக் கப்பல் என்பதால்தான். 32 மீட்டர் நீளம், 9 மீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலம். 1770 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டில் மோதி அடியில் ஓட்டை விழுந்தபோது, குக்கால் அதை ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கரையேற்றிச் சாய்த்து, ஏறக்குறைய ஏழு வாரம் தங்கிப் பழுது பார்க்க முடிந்தது. ஓட்டையில் ஒரு பவளத் துண்டு உடைந்து சிக்கிப் பாதி அடைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. கூர்மையான அடியுள்ள கப்பலாக இருந்தால் இப்படிக் கரையில் உட்கார வைத்திருக்க முடியாது. உங்கள் முன்னால் சேற்றில் உட்கார்ந்திருக்கும் படகைப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: பாலம்

ஆற்றின் போக்கிலேயே திரும்பி வந்தால் சுழல் பாலம். இப்போதுள்ளது 1908ல் கட்டியது. அதற்கு முன்பும் இதே இடத்தில் பாலங்கள் இருந்திருக்கின்றன, எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் திறந்து மூடுபவை. தளங்கள் பாலத்துக்கு மேல்பக்கம், கடல் கீழ்ப்பக்கம். ஆக, கட்டி முடித்த ஒவ்வொரு கப்பலும் இந்த இடைவெளிக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். தச்சர் எவ்வளவு பெரிதாக நினைத்தாலும் அளவைத் தீர்மானித்தது பாலம்தான். 19ஆம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்கள் வந்து, அளவுகள் பெருத்து, பக்கத்து டீஸ் ஆற்றங்கரையில் பெரிய துறைகள் எழும்பியபோது இந்த ஊர் பின்தங்கிப்போனது. விட்பியின் கடைசி மரக்கப்பல் மங்க்ஸ்ஹேவன், 1871ல் இறங்கியது.

பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மணி அடித்து, தடுப்பு விழுந்து, பாலம் திறக்கும் நேரத்தில் வந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். அந்தச் சில நிமிடம் இந்த நடையில் கிடைக்கும் இலவசப் பரிசு.

மூன்றாம் படி: கிரேப் லேன், முதலாளி வீடு

பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கம் பிரியும் குறுகிய சந்து கிரேப் லேன். இதில் 1688 என்று ஆண்டு பொறித்த வீடு ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியின் வீடு. இன்று குக் நினைவு அருங்காட்சியகம். குளிர்காலத்தில் மூடியிருக்கும் மாதங்கள் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

1746ல், ஏறக்குறைய பதினெட்டு வயதில், ஒரு மளிகைக் கடைப் பையன் வேலையை விட்டுவிட்டு வாக்கரிடம் தொழில் பழக வந்தார் குக். முதலில் ஏறியது ஃப்ரீலவ் என்ற நிலக்கரிக் கப்பல். கடலுக்குப் போகாத நாட்களில் பயிற்சிப் பையன்கள் இந்த வீட்டின் பரணில்தான் தங்குவார்கள். நேரே அந்தப் பரணுக்கு ஏறுங்கள். கீழ்த்தளத்தில் நேரம் செலவழித்துவிட்டு மேலே வரும்போது களைத்துப்போகிறவர்கள் அதிகம். சாய்வான கூரை, தலைக்கு மேல் கனமான உத்திரங்கள், ஆற்றைப் பார்க்கும் சன்னல். மற்றப் பையன்கள் அரட்டை அடிக்கும்போது குக் தனியாக உட்கார்ந்து படிக்க, வீட்டைப் பார்த்துக்கொண்ட மேரி ப்ரவுட் என்ற அம்மாள் ஒரு மேசையும் மெழுகுவர்த்தியும் கொடுத்தாராம். பல ஆண்டுகள் கழித்து, உலகம் சுற்றிய தளபதியாக குக் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டு அந்த அம்மாள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பரணில் நிற்கும்போது நம்பத் தோன்றுகிறது.

குக்கின் பயணங்கள் பசிபிக் தீவு மக்களுக்கும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கும் என்ன கொண்டுவந்தன என்ற கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு பாருங்கள். அது இந்த வரலாற்றின் பாதி.

நான்காம் படி: சர்ச் தெரு, இரண்டு பக்கமும்

கிரேப் லேன் முடியும் இடத்தில் சர்ச் தெரு. கூட்டம் முழுவதும் இடப்பக்கம், அதாவது கடல் பக்கம் போகும். நீங்கள் முதலில் வலப்பக்கம் திரும்புங்கள். கொஞ்ச தூரத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான மருத்துவமனை வீடுகள் என்று பெயர் தாங்கிய கட்டடம் வரும். 1675ல் தொடங்கிய அறக்கட்டளை. மருத்துவமனை என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலில் உடைந்துபோன மாலுமிகளுக்கும் அவர்கள் விட்டுப்போன பெண்டு பிள்ளைகளுக்கும் இருக்க இடம் கொடுத்தது. உள்ளே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சன்னல்களைப் படம் எடுக்காதீர்கள்.

இதே பக்கத்தில் மேட்டில் ரோப்பரி என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரே சொல்லும், கயிறு திரித்த இடம். பாய்மரக் கப்பலுக்குக் கயிறு கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். ஒரே துண்டாக நீளமான கயிறு வேண்டுமென்றால், அதைவிட நீளமான நேர்ப் பாதை வேண்டும். முறுக்க முறுக்க நூலின் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் அல்லவா? நூற்பவர் சணல் நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நாரை விரலால் விட்டுக்கொடுத்தபடி பின்னோக்கியே நடந்து போவார். நாள் முழுக்கப் பின்னோக்கி நடப்பது ஒரு தொழில். எந்தப் பழைய துறைமுகத்திலும் காரணமில்லாமல் நேராக, நீளமாக, ஒடுங்கிப் போகும் தெருவைப் பார்த்தால் அங்கே கயிறு திரித்திருப்பார்களோ என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். நேரம் குறைவு என்றால் மேட்டுக்கு ஏற வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

இப்போது திரும்பிக் கடல் பக்கம் நடங்கள். இடையில் 1788ல் கட்டிய பழைய நகர மன்றமும் சின்னச் சந்தைத் திடலும் வரும். இரண்டு பக்கமும் வீடுகளுக்கு நடுவில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சந்துகள் பிரியும். அவற்றை யார்டு என்கிறார்கள். மாலுமிகளும் தச்சர்களும் அடுக்கடுக்காகக் குடியிருந்தது அங்கேதான். ஆர்கியுமென்ட்ஸ் யார்டு என்ற பலகையைப் பார்த்துவிட்டு அங்கே சண்டை நடந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆர்கியுமென்ட் என்பது அங்கே வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பெயர். அதற்குள் நுழைந்து ஆற்றோரம் வரை போய்ப் பாருங்கள். தோள் இரண்டு பக்கச் சுவரிலும் உரசும், சட்டென்று தண்ணீர் கண்ணில் படும். வீட்டு வாசலிலிருந்து கப்பலுக்கு அவ்வளவுதான் தூரம்.

ஐந்தாம் படி: 199 படிக்கட்டு, கப்பல் போன்ற தேவாலயம்

சர்ச் தெருவின் முடிவில் படிக்கட்டு. 199 என்பது ஊர்க் கணக்கு. எண்ணிக்கொண்டே ஏறுங்கள், பிள்ளைகள் கூட வந்தால் அலுப்புத் தெரியாது. நடுநடுவே அகலமான தளங்களும் பெஞ்சுகளும் உண்டு. சவப்பெட்டி சுமந்து ஏறியவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறிய இடங்கள் அவை. முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், மேலே மடாலயத்தின் கார் நிறுத்துமிடம் வரை வண்டியிலேயே போய்விடலாம்.

மேலே போனதும் மடாலயத்துக்கு ஓடாமல் முதலில் புனித மேரி தேவாலயத்துக்குள் நுழையுங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்கக் குட்டையான கல் கட்டடம், 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. உள்ளே கால் வைத்ததும் கல்லெல்லாம் மறைந்து, ஒரு பெரிய மரக்கப்பலின் வயிற்றுக்குள் வந்துவிட்டது போல இருக்கும். தாழ்வான மரக்கூரை, அதில் கப்பல் மேல்தளத்தில் வைப்பது போன்ற கூரைச் சன்னல்கள், சுற்றிலும் மாடங்கள், இடுப்புக்கு மேல் உயர்ந்த பெட்டி பெட்டியான இருக்கைகள். கப்பல் தச்சர்களின் கை இதில் பட்டிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். இருக்கைப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பாருங்கள், மூட்டுகளைத் தடவிப் பாருங்கள்.

நடுவில் மூன்றடுக்குப் பிரசங்க மேடை நிற்கிறது, 1778ல் செய்தது. அதன் பின்புறத்தில் இரண்டு காது கேட்கும் குழாய்கள் தொங்கும். காது மந்தமான ஒரு பாதிரியாரின் மனைவிக்காகப் பொருத்தியவை. சில இருக்கைகளில் “வெளியூராருக்கு மட்டும்” என்று எழுதியிருக்கும். காற்றுக்காகக் காத்திருக்கும் வெளியூர் மாலுமிக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார ஓர் இடம். இந்த ஒரு வரிக்காகவே நான் ஒவ்வொரு முறையும் இந்த 199 படி ஏறுவேன்.

வெளியே கல்லறைத் தோட்டம். உப்புக் காற்று கற்களைத் தின்றுவிட்டதால் பெயர்கள் பாதிதான் படிக்க முடியும். குன்றின் விளிம்பு இடிந்துகொண்டே வருகிறது, வேலியைத் தாண்டாதீர்கள். அடுத்து மடாலயம். 657ல் ஹில்டா என்ற பெண் துறவி நிறுவியது. இப்போது நிற்கும் இடிபாடு அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் கட்டியதன் மிச்சம். கப்பல்காரர்களுக்கு அது ஊரை அடையாளம் காட்டும் குறி. கடலில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். 1914 டிசம்பர் 16ல் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்ட குண்டுகள் இதன் மேலும் விழுந்தன.

ஆறாம் படி: மேற்குக் கரை, திமிங்கில எலும்பு வளைவு

இறங்கிப் பாலத்துக்குத் திரும்புங்கள். இந்நேரம் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும். மேற்குக் கரையோரமாக மீன் சந்தையைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்து, கைபர் கணவாய் என்று பெயர் வைத்திருக்கும் சாலை அருகே உள்ள படிகளில் ஏறுங்கள். மேலே இரண்டு பெரிய தாடை எலும்புகள் வளைவாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் எதிர்க்குன்றின் மடாலயம் தெரியும். எல்லோரும் எடுக்கும் படம் அது, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்பியிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கப்பல்கள் 1753ல் கிரீன்லாந்துப் பக்கம் கிளம்பின. 1814ல் மட்டும் எட்டுக் கப்பல்கள் 172 திமிங்கிலங்களைக் கொன்று கொண்டுவந்தன. கொழுப்பைக் காய்ச்சும் கொட்டகைகள் துறைமுகக் கரையிலேயே இருந்தன. பாய்மர உச்சியில் பீப்பாய் கட்டி, அதற்குள் ஆள் நின்று பார்க்கும் கூண்டை 1807ல் உருவாக்கியவர் இந்த ஊர்க் கப்பல் தலைவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி. பனிக்காற்றில் மணிக்கணக்கில் நிற்கும் ஆளுக்கு அந்தப் பீப்பாய்தான் சுவர். இப்போது நிற்கும் எலும்புகள் அந்தக் காலத்தவை அல்ல. அலாஸ்காவிலிருந்து வந்தவை, 2003ல் நட்டது. பக்கத்தில் 1912ல் வைத்த குக் சிலை. அதன் பீடத்தில் உள்ள கப்பலைப் பாருங்கள். அகன்ற முன்புறம் உங்களுக்கு இப்போது அடையாளம் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டால் இங்கிருந்து பானெட் பூங்காவில் உள்ள விட்பி அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். கப்பல் மாதிரிகள் வரிசையாக உண்டு. புயல் வருவதை அட்டைப்பூச்சிகள் மணியடித்துச் சொல்லும் ஒரு கருவியின் நகலும் உண்டு. ஜார்ஜ் மெரிவெதர் என்ற மருத்துவர் செய்தது. பன்னிரண்டு புட்டிகளில் பன்னிரண்டு அட்டைகள். காற்றழுத்தம் மாறும்போது அவை மேலே ஏறி நெம்பினால் மணி அடிக்கும். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று தினமும் வானத்தைப் பார்த்த ஊரில் இப்படி ஒரு யோசனை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

கடைசிப் படி: கடலுக்குள் நீளும் தளம்

படியிறங்கி மேற்குத் தளத்தில் நடங்கள். வழியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1831ல் கட்டியது, எதிர்த் தளத்தில் உள்ளது 1855. அலை தளத்தின் மேல் ஏறி அடிக்கும் நாளில் போகவே கூடாது. கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அதேபோல் கிழக்குக் குன்றின் அடியில் இருக்கும் பாறைக் கரையில் தண்ணீர் ஏறும் நேரத்தில் நடக்காதீர்கள், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

1861 பிப்ரவரி 9ஆம் தேதி இந்த இடத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள். பெரும் புயல். கப்பல் மேல் கப்பலாகக் கரையில் மோதின. ஊர் உயிர்காப்புப் படகு ஐந்து முறை போய் ஆட்களை மீட்டு வந்தது. அதே ஆட்கள் ஆறாவது முறையும் துடுப்பைப் பிடித்தார்கள். கரையில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் படகு கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர். புதிதாக வந்திருந்த கார்க் மிதவைச் சட்டையை அன்று போட்டிருந்தவர் அவர் மட்டும்தான். பிறகு அதே ஊரில் உயிர்காப்புப் படகின் தலைவராகப் பல ஆண்டுகள் கடலுக்குப் போனார்.

தளத்தின் முனைக்குப் போனதும் கடலைப் பார்த்து நிற்பீர்கள். அப்புறம் ஊர்ப் பக்கம் திரும்புங்கள். இடப்பக்கக் குன்றில் மடாலயமும் தேவாலயமும், வலப்பக்கக் குன்றில் எலும்பு வளைவும் குக் சிலையும், நடுவில் இரண்டு கல் தளங்களுக்கு இடையே ஒரு சின்ன வாய். புயலில் திரும்பி வரும் கப்பல் தலைவர் தேடியது அந்த வாயைத்தான். கீழே ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. பாலம் திறந்திருந்தால் உள்ளிருந்து ஏதாவது ஒரு படகு வெளியே வந்துகொண்டிருக்கும். அது உங்களைத் தாண்டிக் கடலுக்குள் போகும் வரை அங்கேயே நின்று பாருங்கள்.